தாளுக்கு எவ்வளவு தாகம்? வாட்டர்கலரை எதன் மேலெல்லாம் தீட்டலாம்

கேள்வி: "ஒன்றரை வருடமாக வாட்டர்கலர் பழகுகிறேன். வேளச்சேரியில் வீடு. இதுவரை டிராயிங் ஷீட்டிலும், 300 ஜிஎஸ்எம் என்று அட்டையில் போட்டிருந்த ஒரு பேடிலும்தான் வரைந்திருக்கிறேன். போன வாரம் கேன்வாஸ் போர்டில் முயன்றேன். நிறம் முத்து முத்தாகத் திரண்டது. இரண்டாவது வாஷ் (நீர்த்த நிறத்தின் ஒரு பூச்சு) போட்டதும் முதல் வாஷ் கரைந்து வந்துவிட்டது. காடாத் துணி, மரப்பலகை, கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்கு, இதிலெல்லாம் வரைந்து பார்க்க ஆசை. எதற்கு என்ன தயாரிப்பு வேண்டும்?"

கேன்வாஸ் போர்டு உங்கள் காலை வாரியதற்குக் காரணம் எளிது. அது தண்ணீர் குடிக்காது. கடையில் கிடைக்கும் போர்டின் மேல் பூசியிருக்கும் வெள்ளை, அக்ரிலிக் ஜெஸ்ஸோ. பெரும்பாலும் ஆயிலுக்கும் அக்ரிலிக்குக்கும் ஏற்றபடி செய்தது. காய்ந்தால் கிட்டத்தட்ட பிளாஸ்டிக் தோல்.

வாட்டர்கலர் என்பது நிறமித் தூளும் கருவேல இனத்து மரப் பிசினும் கலந்த கலவை. காய்ந்த பிசின் மறுபடி தண்ணீர் பட்டால் கரையும். எண்ணெய் வண்ணம் மாதிரி அது இறுகிப் போவதில்லை. அப்படியானால் தாளில் மட்டும் எப்படி நிற்கிறது? பிசின் பிடிப்பதைவிட, நிறமித் துகள்கள் நாரின் இடுக்குகளில் போய் உட்கார்ந்து கொள்வதுதான் பெரிய காரணம். இடுக்கே இல்லாத பரப்பில் துகள் மேலேயே படுத்துக் கிடக்கும். அடுத்த பிரஷ் வந்ததும் எழுந்து போய்விடும். உங்கள் இரண்டாவது வாஷுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். நான் வரைய ஆரம்பித்துப் பல வருடம் கழித்துத்தான் இந்தப் பழக்கம் வந்தது. முன்பே வந்திருந்தால் நிறைய காசு மிஞ்சியிருக்கும். சொட்டு விழுந்த உடனே காணாமல் போனால் அந்தப் பரப்புக்குத் தாகம் அதிகம்: சுட்ட மண், பிளாட்டிங் பேப்பர், கஞ்சி போன துணி. சொட்டு உருண்டபடியே இருந்து காற்றில்தான் காய்கிறது என்றால் தாகமே இல்லை: கண்ணாடி, பிளாஸ்டிக், உங்கள் கேன்வாஸ் போர்டு. கொஞ்ச நேரம் பளபளத்து நின்று, பிறகு மெல்ல உள்ளே இறங்கினால் அதுதான் நமக்கு வேண்டிய நிலை. பரப்பைத் தயார் செய்வது என்றால் வேறொன்றும் இல்லை, தாகம் அதிகமாக இருப்பதைக் குறைப்பதும் இல்லாததற்கு உண்டாக்குவதும்தான்.

தாள் கம்பெனிகள் இதை சைஸிங் என்கின்றன. நம் வீட்டில் அதற்குப் பெயர் கஞ்சி போடுவது. புது வேட்டியில் தண்ணீர் சிந்தினால் சற்று உருண்டு நிற்கும். நாலு தடவை துவைத்த பிறகு சிந்தினால் உடனே பரவும். இடையில் போனது கஞ்சி. வாட்டர்கலர் தாளில் கஞ்சியின் இடத்தில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அல்லது அதே வேலையைச் செய்யும் வேறு ரசாயனம். கூழிலும் கலப்பார்கள், மேலேயும் பூசுவார்கள். மேலே பூசியது தண்ணீரைக் கொஞ்ச நேரம் தடுத்து வைப்பதால்தான் நிறத்தை இழுக்கவும் மங்கவைக்கவும் துடைத்து எடுக்கவும் நமக்கு நேரம் கிடைக்கிறது.

உங்கள் பேடுக்கு வருகிறேன். 300 ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். மரக்கூழில் செய்த 300 உண்டு, முழுப் பருத்தியில் செய்த 300 உண்டு. இரண்டும் ஒரே எடை, ஆனால் குணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. மரக்கூழ்த் தாள் பெரும்பாலும் சீக்கிரம் காயும், விளிம்புகள் கறாராக விழும், இரண்டாவது மூன்றாவது வாஷில் சேறாகிவிடும். பருத்தித் தாள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அழுத்தித் துடைத்தாலும் நார் சட்டென்று எழும்பாது. புதிதாகப் பழகுகிறவருக்கு மலிவான தாள் போதும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பெயின்ட் மலிவாக இருக்கட்டும், கேமலின் மாணவர் டியூபே போதும். தாள் மட்டும் பருத்தியாக இருக்கட்டும். முழு ஷீட் ஒன்றை வாங்கி எட்டாகக் கிழித்துக்கொண்டால் விலை அவ்வளவு உறுத்தாது. ஸ்கேலை வைத்துக் கையாலேயே கிழியுங்கள். ஓரம் அழகாக வரும்.

ஹாட் பிரஸ், கோல்ட் பிரஸ், ரஃப் என்ற மூன்றும் மேற்பரப்பின் சொரசொரப்பைச் சொல்கின்றன. வழவழப்பான ஹாட் பிரஸ்ஸில் பேனா கோடு நன்றாக ஓடும், ஆனால் வாஷ் காயும்போது காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும் அபாயம் கூடுதல். ரஃப் தாளில் பிரஷ்ஷைக் காய்ந்த மாதிரி வைத்துப் படுக்கையாக இழுத்தால் குழிகள் வெள்ளையாக நின்றுவிடும். மெரினாவில் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் மின்னுகிறதே, அதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. அல்ட்ராமரின், பர்ன்ட் சியென்னா போன்ற துகள் கனத்த நிறங்கள் அந்தக் குழிகளில் படிந்து மணல் மணலாகத் தெரியும். தாலோ புளூ அப்படிப் படியாது. துகள் மிக நுண்மையானது, நாரைக் கறையாக்கிவிட்டுத்தான் போகும்.

கைக்காகிதம் பற்றி ஒரு எச்சரிக்கை. புதுச்சேரியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வரும் கைக்காகிதங்கள் பார்க்க அவ்வளவு அழகு, வாங்காமல் வர மனம் வராது. ஆனால் அவற்றில் நிறைய, வாழ்த்து அட்டைக்கும் டைரிக்கும் செய்தவை. சைஸிங் குறைவு. ஈரம் பட்டதும் ஊறிப் பரவும். கடையிலேயே ஓரத்தில் நாக்கு நுனியை வைத்துப் பார்க்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒட்டிக்கொண்டால் சைஸிங் இல்லை என்று அர்த்தம். (கடைக்காரர் முறைப்பார். ஒரு துண்டு சாம்பிள் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டில் சொட்டு விட்டுப் பார்ப்பதே மரியாதை.)

அப்படி வாங்கிவிட்ட தாளை வீணாக்க வேண்டாம், வீட்டிலேயே சைஸிங் போடலாம். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 கிராம் ஜெலட்டின் கரைத்து, அகலமான பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தடவிக் கொடியில் மாட்டினால் போதும். கொதிக்க விடாதீர்கள், பிடிமானம் போய்விடும். ஜெலட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. எங்கள் வீட்டில் அதைச் சமையலறைக்குள் விடமாட்டார்கள், மொட்டை மாடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்துத்தான் செய்தேன். சைவமாக வேண்டுமானால் ஆரோரூட் கஞ்சியை மிக நீர்த்தாகத் தடவலாம். பிடிமானம் சற்றுக் குறைவு, அத்துடன் ராமபாணப் பூச்சிக்கு மாவு என்றால் உயிர். பழைய பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது அதற்காகத்தான். ஆனால் துத்தம் விஷம், நிறம் வேறு கொண்டது. படத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

சென்னையில் இருப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சைஸிங்குக்கும் ஆயுள் இருக்கிறது. ஒரு வருடம் நல்ல பருத்தித் தாள் பத்து ஷீட் வாங்கிப் பரணில் வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் எடுத்து நீல வானம் ஒன்று போட்டேன். வானத்தில் அம்மை போட்ட மாதிரி கரும்புள்ளிகள். அந்த இடங்களில் மட்டும் தாள் பிளாட்டிங் பேப்பராகியிருந்தது. ஈரக்காற்றில் ஜெலட்டின் அங்கங்கே செத்துப்போய்விட்டது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஈரம் பட்டால்தான் தெரியும். அந்தப் பத்து ஷீட்டும் கடைசியில் பேஸ்டலுக்குப் போயின. இப்போது வாங்கியதும் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு, வாயை டேப்பால் ஒட்டி, பீரோவில் நடுத்தட்டில் படுக்கையாக வைக்கிறேன். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் பரணும் வேண்டாம்.

நம் ஊர் வானிலை வரையும்போதும் கூடவே உட்கார்ந்திருக்கும். கத்திரி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே வாஷ் போட்டால் மறு ஓரத்துக்குப் போவதற்குள் இந்த ஓரம் காய்ந்துவிடும். தாளின் பின்பக்கத்தையும் நனைத்து ஒரு அக்ரிலிக் பலகையில் ஒட்டிவிட்டு வரையுங்கள், நேரம் தாராளமாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் நேர்மாறு. ஈரத்தின் மேல் ஈரமாகப் போடும் வேலைக்கு நவம்பர் மாதம் மாதிரி வராது, ஆனால் அடுத்த அடுக்குக்கு அரை மணி காத்திருக்க வேண்டும். தேன் அதிகம் கலந்த வகை பெயின்ட்கள் அப்போது பேலட்டில் காயவே காயாது, பிசுபிசுப்பாகவே இருக்கும். பேலட்டை ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை நிச்சயம்.

உப்பு தூவி நட்சத்திரம் வரவைக்கும் வித்தையை எல்லாரும் காட்டுகிறார்கள். ஒருமுறை செய்து பார்க்கலாம், அதற்கு மேல் அதில் சரக்கு இல்லை என்பது என் கருத்து. செய்தால் முழுக்கக் காய்ந்தபின் ஒரு துகள் விடாமல் தட்டி எடுத்துவிடுங்கள். தாளில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடற்கரை ஊரில் அது தேவையில்லாத வம்பு. போர் தண்ணீரும் அப்படித்தான், காய்ந்த ஓரங்களில் வெள்ளைப் படலம் விடும். குடிக்கும் தண்ணீரிலேயே வரையுங்கள்.

தாளின் வலுவைச் சோதிக்க ஒரு பழைய ஓவிய முறை நமக்கு உதவும். வங்காளத்தில் அபனீந்திரநாத் தாகூர், ஜப்பானிய ஓவியர்களோடு பழகியதன் விளைவாக வளர்த்தெடுத்த வாஷ் முறை. மெல்லிய நிறம் போட்டு, காயவிட்டு, படத்தையே தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். ஒட்டாத நிறம் போய்விடும், நாரில் இறங்கியது நிற்கும். மறுபடி நிறம், மறுபடி முக்கல். கடைசியில் படம் முழுக்க ஒரு மூட்டம் படியும். அவரிடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் பிறகு 1957 வரை நம் எழும்பூர் ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தார். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்து, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரும் ஆரம்பத்தில் வாட்டர்கலரில் பெயர் எடுத்தவர்தான். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு தாளிலும் ஒரு துண்டு கிழித்து, மூன்று நிறம் தீட்டி, காய்ந்ததும் ஒரு தட்டு தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுங்கள். எந்த நிறம் கறையாகத் தங்குகிறது, எது கழுவிப் போகிறது, எந்தத் தாள் பஞ்சாகிறது, எல்லாம் ஒரே தடவையில் தெரிந்துவிடும். பின்னால் தேதியும் தாளின் பெயரும் பென்சிலில் எழுதி வையுங்கள்.

இப்போது கேன்வாஸ் போர்டு. வாட்டர்கலர் கிரவுண்ட் என்றே டப்பாவில் விற்கிறார்கள். ஜெஸ்ஸோவின் மேல் மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு பூசி, ஒவ்வொன்றையும் காயவிட்டு, கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு நாளாவது விட வேண்டும். மழைக்காலமானால் மூன்று நாள் விடுங்கள். காய்ந்தபின் சொட்டு உள்ளே இறங்கும். தாள் மாதிரி ஆகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நிறம் துடைத்தால் தாளைவிடச் சுலபமாக வந்துவிடும். இரண்டாவது அடுக்கைத் தேய்க்காமல், ஒரே இழுப்பில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

டப்பா விலை அதிகம் என்று தோன்றினால், இதே வேலையை நம் ஊரில் பல தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். தஞ்சாவூர் ஓவியப் பலகையை நினைத்துப் பாருங்கள். பலாப்பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, அதன் மேல் சாக் பவுடரும் பசையும் சேர்ந்த பூச்சு. ஒடிசாவின் பட்டச் சித்திரத்தில் துணிக்கு மேல் சாக்கும் புளியங்கொட்டைப் பசையும். இரண்டுமே தண்ணீர் குடிக்கும் பரப்புகள். நான் செய்வது இது: ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, அதில் தோசை மாவுப் பதம் வரும்வரை சலித்த சாக் பவுடர். பலகையில் குறுக்கும் நெடுக்குமாக நான்கு பூச்சு, கடைசியில் 400 நம்பர் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. முதல் பலகையில் ஃபெவிகால் தாராளமாகப் போய்விட்டது. மறுபடி பிளாஸ்டிக் தோல், மறுபடி முத்து முத்தாக நிறம். அடுத்ததில் பயந்து குறைத்தேன், பிரஷ்ஷோடு சாக்கும் வந்து வானம் பால்கோவாவாகிவிட்டது. மூன்றாவதுதான் சரியாக வந்தது. புளியங்கொட்டைப் பசையில் செய்தால் இன்னும் நன்றாகக் குடிக்கிறது. கொட்டையை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சப் பொறுமை வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: இந்தச் சாக் பூச்சு வளைந்தால் விரிசல் விடும். பலகைக்கும் கெட்டிப் போர்டுக்கும் மட்டும் போடுங்கள், சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸுக்கு வேண்டாம்.

வெறும் மரத்தில் நேராகவே தீட்டலாம், அதற்கு ஒரு தனி அழகு இருக்கிறது. முதலில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள், மர நார்கள் சிலிர்த்து நிற்கும். அதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஆரம்பித்தால் வரையும்போது மறுபடி அவ்வளவாக எழும்பாது. நிறம் மர ரேகை வழியாக ஓடும். அதைத் தடுக்கப் பார்க்காமல், ரேகையையே தண்ணீராகவோ வானமாகவோ பயன்படுத்துங்கள். தேக்கு எண்ணெய்ப் பசை உள்ளது, சொட்டு எளிதில் உள்ளே இறங்காது. வெளிர் நிறப் பிளைவுட்டே நல்லது. வெள்ளை என்று ஒன்று இங்கே இல்லை, மரத்தின் நிறம்தான் உங்கள் வெள்ளை.

காடாத் துணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடையிலிருந்து வந்தபடியே சொட்டு விடுங்கள், பெரும்பாலும் நிற்கும். அது நெசவுக் கஞ்சி. வெந்நீரில் அலசிவிட்டுப் பாருங்கள், ஒரு பொட்டு வைத்தால் எட்டணா அளவுக்குப் பரவும். கலம்காரிக்காரர்கள் இந்தப் பரவலைத் தடுக்க வைத்திருக்கும் வழி அருமையானது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு சாயம் கண்டபடி ஓடாமல் பிடிக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு இரும்புக் கரைசலோடு சேர்ந்து கருப்பாகிறது. பால் முக்கிய துணியில் நம் வாட்டர்கலரும் கோடு பிசகாமல் நின்றது. வாசனைதான் ஒரு வாரம் போகவில்லை, எறும்பும் வந்தது. பட்டுக்குச் சீனர்களும் ஜப்பானியர்களும் பசையோடு படிகாரம் சேர்த்துப் பூசுவார்கள், அதுவும் இதே தத்துவம்தான். எப்படித் தயாரித்தாலும் துணியில் தீட்டிய வாட்டர்கலர் ஒரு சலவை தாங்காது. சட்டையிலோ தலையணை உறையிலோ வேண்டுமென்றால் துணிக்கான பெயின்டுக்குப் போய்விடுங்கள்.

கண்ணாடி, ஓவர்ஹெட் ஷீட், யூப்போ என்று விற்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றில் நிறம் தானாக ஓடி உறைவது வேடிக்கையாக இருக்கும். துடைத்தால் பெரும்பாலும் வெள்ளைக்கே வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும்.

தாளை விட்டு வெளியே வந்துவிட்டால் படத்தைக் காப்பது தனிக் கவலை. தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் இருக்கிறது. பலகைக்கும் போர்டுக்கும் வார்னிஷ் வேண்டும். முதல் பூச்சைப் பிரஷ்ஷால் போடாதீர்கள், நிறம் கலங்கும். ஸ்பிரேயை ஓரடி தள்ளி, மெல்லியதாக மூன்று நான்கு முறை. மழை பெய்யும் நாளில் அடித்தால் வெண்மூட்டம் விழும், வெயில் நாளுக்குக் காத்திருங்கள். அலிஜரின் கிரிம்சனும் கண்ணைப் பறிக்கும் ஓபரா பிங்க்கும் வெளிச்சத்தில் வெளுக்கும் நிறங்கள். சுவரில் மாட்டப்போகும் படத்தில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

அகல் கடைசி. சுட்ட மண்ணுக்கு இருக்கும் தாகம் வேறு எதற்கும் இல்லை, சொட்டு விழுகிற சத்தம்கூடக் கேட்கும். ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, மேல் ஈரம் மறைந்ததும் தீட்டினால் பிரஷ் ஓடும். நிறம் காய்ந்ததும் மங்கும், செம்மண் நிறத்தில் நீலமும் பச்சையும் அழுக்காகத் தெரியும். முன்பு சொன்ன சாக் பூச்சை ஒரு கை பூசினால் அந்தக் குறை தீரும். சில அகல்களில் ஓரிரு மாதத்தில் உப்புப் பூத்துப் படத்தைத் தள்ளிவிடும். வரைவதற்கு முன் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் அது ஓரளவு குறையும். ஆனால் கார்த்திகைக்கு ஏற்றுவதற்கு என்றால் வாட்டர்கலர் வேண்டவே வேண்டாம். எண்ணெய் மண்ணுக்குள் ஊறி மறுபக்கம் வரும். எண்ணெய்க் கையோடு எடுத்து வைத்தாலே பாதிப் படம் விரலில் ஒட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் மட்டும், சுடர் படாத தூரத்தில், அக்ரிலிக்கில் வரையுங்கள். வாட்டர்கலரில் வரைந்த நாலைந்தை ஏற்றாமல் கொலுப் பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்து வையுங்கள்.